ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஜூன் 19, 2025

குறைகளைத் தேதிவாரியாக எழுதி வைக்கிறேன். கோபத்தில் எழுதினால் வரிசை கெடும். வரிசை கெட்டால் அது எதிராளிக்குத்தான் வசதி.

1. மே 26. என் தங்கை வேண்டாவின் முடக்குவாதத்துக்குச் செங்கல்பட்டில் மருத்துவர் ஒருவர் சீட்டு எழுதினார். மெத்தோட்ரெக்சேட்: வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஃபோலிக் அமிலம்: மற்ற ஆறு நாட்கள். சீட்டில் பிழை இல்லை. கையெழுத்துகூடத் தெளிவாகவே இருக்கிறது.

2. அன்று மாலை. மாமல்லபுரத்தில் தேசப்பனின் மருந்துக் கடை. இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையைக் கத்தரித்து, பின்பக்கம் பேனாவால் குறி போட்டுக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். கோடு போட்டால் தினம் ஒன்று. சுழி போட்டால் வாரம் ஒன்று. கோடு மெத்தோட்ரெக்சேட்டில் விழுந்தது, சுழி ஃபோலிக் அமிலத்தில். வாரம் ஒரு முறை விழுங்க வேண்டிய விஷத்தை என் தங்கை தினமும் காலையில் கஞ்சிக்குப் பிறகு ஒழுங்காக விழுங்கினாள்.

3. ஜூன் 5. வாய் முழுவதும் புண். அதே கடை. "உடம்பு சூடு" என்று சொல்லி ஒரு களிம்பும் பி-காம்ப்ளெக்ஸும் கொடுத்தார்கள். இந்த மருந்தை உண்பவருக்கு வாய்ப்புண் வந்தால் அது அபாய மணி என்று என் இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். கேட்கத் தெரிந்தவர் அங்கே இல்லை.

4. ஜூன் 13. காய்ச்சல். அதே கடை. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக்.

5. ஜூன் 17. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்றார்கள்.

6. சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரே நேரில் இருந்து கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடையில் தேசப்பனைத் தவிர ஒருவரும் இல்லை. என் மனைவியின் சித்தப்பா மகன். பத்தாம் வகுப்பு. கடை திறப்பதற்கு முன்பு மீனுக்கு ஐஸ் கட்டி விற்றவன். ஆக, யாரோ ஒரு மருந்தாளுநர் தன் புகைப்படம் ஒட்டிய சான்றிதழை அவன் சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டு வேறெங்கோ வேலை பார்க்கிறார். அந்தப் பெயர் எனக்கு வேண்டும். மருந்தாளுநர் தொழிலின் சட்டத்தையும் அறத்தையும் கற்பித்துக்கொண்டு கல்லூரியில் முப்பது வருடம் நின்றிருக்கிறேன். அந்த ஆளை விடப்போவதில்லை.

ஜூன் 20

விஷத்தை முறிக்க ஃபோலினிக் அமில ஊசி போடுகிறார்கள். வெள்ளணுக்கள் இன்னும் இறங்குகின்றன.

ஜூன் 21

பெயர் கிடைத்துவிட்டது.

முகக்கவசம் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். வேண்டாவின் உதடுகள் வெடித்துக் கருத்திருந்தன. என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணா, மூஞ்சிய உம்முனு வெச்சிகினுகீற? நான் இன்னும் செத்துப் பூடல" என்றாள். சிரிக்கப் போய்ப் புண் வலித்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கடைக்கு ஏன் போனாய், செங்கல்பட்டிலேயே வாங்கியிருக்கலாமே என்றேன். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

"நம்ம அனு படம் மாட்டிகீதே அங்க. கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துல. நம்ம புள்ள கடைய வுட்டுட்டு வேற எங்கண்ணா போவேன்? மருந்து வாங்க வர்றவங்க கைலலாம் சொல்வேன், எங்க அண்ணன் பொண்ணு, பெரிய படிப்புன்னு."

அனு. என் மகள். என் வகுப்பில் படித்து, என் கையால் தேர்ச்சி பெற்று, இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களுக்குக் குறியீடு போடும் அனு.

ஊரப்பாக்கம் வீடு வரை பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

சாப்பிட உட்கார்ந்தபோது அனுவிடம் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"மாமா கேட்டாரு, குடுத்தேன். எங்க பேட்ச்ல பாதி பேர் குடுத்திருக்காங்கப்பா. நான் ஒரு ரூபாகூட வாங்கல." வாங்காதது ஒரு தகுதி என்று நினைத்திருக்கிறாள். முழுநேரமும் அந்தக் கடையில் பணிபுரிவதாக உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கடைக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை.

என் மனைவி பானுமதிக்கு எல்லாம் தெரியும். "தம்பி பொழைக்கட்டும்னுதான் நான் சரின்னேன். உங்ககிட்ட கேட்டா மூணு மணி நேரம் கிளாஸ் எடுப்பீங்க. எதுக்குன்னு சொல்லல" என்றாள்.

அத்தை எதைச் சாப்பிட்டாள், ஏன் படுத்திருக்கிறாள், எந்தப் படத்தைப் பார்த்து அங்கே போனாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அனு தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "மெத்தோட்ரெக்சேட் தினமுமா?"

மருந்தாளுநர் கேட்க வேண்டிய கேள்வி. கேட்க வேண்டிய இடம் எங்கள் சாப்பாட்டு மேசை இல்லை.

ஜூன் 24

கருங்குழி. கல்லூரி. மூன்றாம் ஆண்டு வகுப்பு. அட்டவணையில் இருந்த பாடத்தையே நடத்தினேன், வேண்டுமென்றேதான் மாற்றவில்லை.

ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓர் அரசன் மருத்துவனையும் மருந்து விற்பவனையும் சட்டம் போட்டுப் பிரித்தான். ஒரு கை எழுத வேண்டும், இன்னொரு கை சரிபார்க்க வேண்டும். எந்த ஒற்றைக் கையையும் நம்பக் கூடாது என்ற முடிவில் பிறந்த தொழில் நம்முடையது என்று சொன்னேன். இந்த நாட்டில் மலேரியாவில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது குவினைன் என்ற பெயரில் சுண்ணாம்புக் குளிகைகள் விற்றதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் 1930-இல் விசாரணைக் குழு, 1940-இல் மருந்துச் சட்டம், 1948-இல் மருந்தாளுநர் சட்டம். ஒவ்வொரு பிரிவுக்கும் அடியில் யாரோ ஒருவருடைய பிணம் கிடக்கிறது. பிரிவு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள் என்றேன்.

நாற்பத்திரண்டாம் பிரிவுக்கு வந்தேன். பதிவு பெறாதவர் சீட்டு மருந்து கொடுக்கக் கூடாது.

"சார், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

கடைசி வரிசையில் இன்னொருவன் பக்கத்திலிருந்தவனிடம்: "மச்சான், சர்டிபிகேட் வாங்கினதும் சொல்லு, வாடகைக்கு எடுக்க பார்ட்டி ரெடியா கீது." வகுப்பே சிரித்தது. எனக்குக் கேட்காது என்று நினைத்தார்கள்.

அனுவும் இதே அறையில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டவள். நாற்பத்திரண்டாம் பிரிவுக்கு முழு மதிப்பெண். நானே போட்டது.

ஜூன் 26

கடைக்குப் போனேன். அம்மன் படத்துக்கும் தினசரிக் காலண்டருக்கும் நடுவில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். நல்ல சட்டம். தூசி துடைத்து வைத்திருக்கிறான்.

"வாங்க மாமா. டீ சொல்லட்டா?"

சான்றிதழைக் கழற்று என்றேன்.

"எதுக்கு மாமா டென்சன்? கோடு மாறிப் போச்சு. மனுசன்தான நானும்? வேணும்னா பண்ணேன்? வேண்டாக்கா எனக்கும் அக்காதான்."

கழற்று.

"கழட்டிட்டா கடைய மூடணும். அப்பால கொழந்தைக்கு காச்சல்னா குப்பத்து ஜனம் இன்னா பண்ணும்? டவுனு கடைல தமிழ்ல பேசினாலே திரும்பிப் பாக்க மாட்டான், வெள்ளக்காரனுக்கு சன் கிரீம் வித்துகினு இருப்பான். நீங்க வந்து நிப்பீங்களா இங்க? ஒங்க காலேஜ்ல இருந்து யாராச்சும் வந்து நிப்பானா?"

நடுவில் ஒரு கிழவர் சீட்டை நீட்டினார். என்னிடம் பேசிக்கொண்டே அட்டையைக் கத்தரித்தான். பேனாவை எடுத்தான். கோடு. சுழி. சீட்டைத் திரும்பவும் பார்க்கவில்லை. நான் கிழவர் கையிலிருந்து வாங்கிப் படித்துச் சரிபார்த்தேன். இந்த முறை சரியாக இருந்தது. அவர் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது தேசப்பன் மெதுவாகச் சொன்னான்: "மேல எழுதிப் போட்றதுன்னா யோசிச்சு போடுங்க மாமா. செவுத்துல கீறது என் பேரு இல்ல."

ஜூன் 28

அனு நான்கு நாட்களாக வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நான் போகச் சொல்லவில்லை. நான் அவளிடம் பேசுவதே இல்லை.

இன்று நான் போனபோது இளநீரைக் கரண்டியில் எடுத்து வேண்டாவின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். விட்டுக்கொண்டே சொன்னாள்: "அத்தை, அந்தக் கடைல நான் இல்ல. ஒருநாள்கூட இருந்ததில்ல."

வேண்டா கண்ணைத் திறக்காமல், "அதுக்கின்னாடீ. படம் இருந்துச்சே" என்றாள்.

அவள் குத்திக் காட்டவில்லை. ஆறுதல் சொன்னாள்.

பிறகு அனுவை வெளியே அனுப்பிவிட்டு என் விரலைப் பிடித்தாள். "நைனா மாரி கோவம் வெச்சிக்காத. பொண்ண மாட்டி வுட்றாதண்ணா. அதுக்கு கல்யாணம் ஆவணும். சத்தியம் பண்ணு."

முதலில் இளநீரைக் குடி என்றேன்.

"பாரு. பேச்ச மாத்துற."

குடித்தாள். இரண்டு கரண்டி. நான் சத்தியம் செய்யவில்லை.

ஜூலை 1

வேண்டா போய்விட்டாள். காலையில். அனு அருகில் இருந்தாள். நான் ஜி.எஸ்.டி. சாலையில், பேருந்தில்.

ஜூலை 3

நேற்று குப்பத்தில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. அவள் மீன் வாங்கி விற்ற அத்தனை வீட்டு ஆண்களும் மணலில் நின்றார்கள். பெண்கள் அழுததில் எனக்குக் கேட்டது ஒன்றுதான்: சூடு தலைக்கு ஏறிவிட்டதாம். விதியாம். தலையெழுத்தாம்.

எவன் எழுதின தலையெழுத்து? பேனாக் கோடுய்யா அது! அட்டைக்குப் பின்னாடி போட்ட கோடு! தேசப்பன் மாலை கொண்டு வந்தான். அவள் கால்மாட்டில் வைத்துவிட்டு உண்மையாகவே அழுதான். உண்மையாக அழுகிறவனை என்ன செய்வது? அடிக்கலாமா? யார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான் தெரியுமா — என் மகள் கையை.

நிறுத்துகிறேன். ஒழுங்காக எழுத வேண்டும்.

வேண்டாவின் கணவர் முத்துசாமியிடம் புகார் பற்றிச் சொன்னேன். வலையை மடியில் வைத்துக்கொண்டு கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தார். "வுடு மச்சான். கேஸ் போட்டா அவ எயுந்து வர்வாளா? சாவறப்ப ஒன்னாண்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதக்கூட செய்ய மாட்டியா?"

எல்லோரும் கருணையின் பக்கம் நிற்கிறார்கள். நான் மட்டும் சட்டத்தின் பக்கம். தனியாக நிற்பவன் கல்நெஞ்சன் போலத்தான் தெரிவான்.

ஜூலை 9

செங்கல்பட்டில் மருந்து ஆய்வாளரைப் பார்த்தேன். வரலட்சுமி. மரியாதையான பெண், நான் சொன்னதை முழுவதும் கேட்டார். சீட்டையும் கத்தரித்த அட்டைகளையும் காட்டினேன். கோட்டின் மேல் விரல் படாமல் பிடித்துப் பார்த்தார்.

"எழுதிக் கொடுங்க சார், நடவடிக்கை எடுக்கறது எங்க கடமை. ஆனா ஒண்ணு. கடைக்காரர் மேல மட்டும்னு போகாது. பொறுப்பு மருந்தாளுநர் மேலயும் போகும். பார்மசி கவுன்சில்ல பதிவே ரத்தாகலாம். போலீஸும் விசாரிக்கலாம். அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். அவர் என் பெயரையும் கடைக் கோப்பில் இருந்த சான்றிதழ் விவரத்தில் தந்தை பெயரையும் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"யோசிச்சே எழுதுங்க சார். ஆனா எழுதினா முழுசா எழுதுங்க."

ஜூலை 13

இரண்டு வரைவுகள் எழுதினேன்.

முதல் வரைவில் இரண்டு எதிர்மனுதாரர்கள். தேசப்பன். அனு.

இரண்டாவது வரைவில் தேசப்பன் மட்டும். "பொறுப்பு மருந்தாளுநர் இல்லாத நேரத்தில்" என்று ஒரு தொடர் சேர்த்தேன். அன்று மட்டும் அவள் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வார்கள். பொய் என்று ஒரு சொல்லையும் சுட்ட முடியாது. நடை அழகாக வந்திருக்கிறது. எனக்கு அதுதான் அச்சமாக இருக்கிறது. குவினைன் வில்லையும் இப்படித்தான் பார்வைக்கு அழகாக இருந்திருக்கும், உள்ளே சுண்ணாம்பு.

பானுமதி முதல் வரைவைப் படித்துவிட்டாள். "பெத்த பொண்ண நீங்களே எழுதிக் குடுப்பீங்களா? வேண்டா என் நாத்தனார். எனக்கும்தான் வயிறு எரியுது. அதுக்காக இருக்கறவள கொல்லணுமா?" சமையலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

எதை அனுப்புவது? முதலாவதை அனுப்பினால் மகள் இல்லை. இரண்டாவதை அனுப்பினால் நாளை எந்த வகுப்பறைக்குள் போவேன்? ஒன்றையும் அனுப்பாவிட்டால் — அந்தக் கிழவர் அடுத்த மாதமும் அதே கடைக்குத்தான் போவார்.

ஜூலை 14

ஒன்றையும் அனுப்பவில்லை.

ஜூலை 15

இல்லை. இன்றும்.

ஜூலை 18

மாலையில் அனு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். காலையில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாமல்லபுரம் போயிருக்கிறாள். தேசப்பன் கடைக்கு. கல்லூரியில் ஆய்வகத்துக்கு வாங்கிய வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள். "இன்னிக்கு ஒருநாள் நான் நிக்கறேன் மாமா. படத்துல இருக்கறவதானே" என்றாளாம். அவன் சிரித்துக்கொண்டே ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

சீட்டு இல்லாமல் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அட்டையைக் கத்தரிக்க விடவில்லை. ஒவ்வொருவரையும் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். மதியத்துக்குள் தேசப்பன், "அம்மாடி, ஒன்ன வெச்சிகினா நான் தெருவுலதான் நிக்கணும், வூட்டுக்கு போ கண்ணு" என்று கையெடுத்துக் கும்பிட்டானாம்.

"கிளம்பறப்ப ஒரு அக்கா வந்தாங்கப்பா. கூடைய எறக்கி வெச்சிட்டு என்னையே பாத்தாங்க. 'நீதான் அந்தப் படத்துல கீற பொண்ணா? வேண்டா சொல்லும், அண்ணன் பொண்ணுன்னு. ஒன்ன பாத்துதான் நான்கூட இங்க வாங்கறன்'னாங்க."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. நான் தண்ணீர் எடுத்து வைத்தேன். ஜூன் 22-க்குப் பிறகு நான் அவளுக்காகச் செய்த முதல் காரியம்.

சான்றிதழைக் கழற்றித் தரவில்லையாம். கடைக்காரனிடம் கெஞ்சி வாங்க விருப்பமில்லை என்றாள்.

"புகாரைக் குடுங்கப்பா."

இரண்டாவது வரைவைக் கொடுத்தேன். கை தானாகவே அதைத்தான் எடுத்தது. நிதானமாகப் படித்தாள். மாணவியாக இருந்தபோதும் இப்படித்தான், விரல் வைத்துப் படிப்பாள்.

"இதுல என் பேரு எங்க?"

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"இதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கும். நீங்க ரெண்டு எழுதாம இருந்திருக்க மாட்டீங்க."

ஜூலை 21, திங்கள்

இன்று மருந்து ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது. கடைசிப் பகுதியை மட்டும் இங்கே படியெடுத்து வைக்கிறேன். ஏழாவது குறையை அனு சொல்ல நான் எழுதினேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. அஞ்சலகத்துக்குப் பானுமதியும் வந்தாள். உள்ளே வரவில்லை; வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

"...7. மேற்படி கடையின் பொறுப்பு மருந்தாளுநராகப் பதிவாகியுள்ள க. அனு ஆகிய நான், அங்கே ஒரு நாளும் பணி செய்ததில்லை. பணி செய்வதாகக் கையெழுத்திட்டது பொய். சுவரில் இருந்த என் படத்தை நம்பியே என் அத்தை வேண்டா அங்கே மருந்து வாங்கினார். நான் அங்கே இருந்திருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பேன். என்னை மன்னிக்கும்படி யாரையும் நான் கேட்கவில்லை. என் படத்தை முதலில் அந்தச் சுவரிலிருந்து இறக்குங்கள்.

எதிர்மனுதாரர்கள்: 1. தேசப்பன், கடை உரிமையாளர். 2. க. அனு, பதிவு பெற்ற மருந்தாளுநர்.

மனுதாரர்கள்: 1. கலையரசன், மறைந்த வேண்டாவின் அண்ணன். 2. க. அனு, அன்னாரின் அண்ணன் மகள்.

இம்மனு கிடைத்த விவரத்தையும், இரு எதிர்மனுதாரர்கள் மீதும் எடுக்கப்படும் நடவடிக்கையையும், வரும் ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை மாலை அலுவலகம் மூடுவதற்குள் மனுதாரர்கள் இருவருக்கும் தனித்தனியே எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கோருகிறோம். வாய்மொழிப் பதிலை ஏற்பதற்கில்லை."